நான்குக்கு இரண்டு

100 வாட் மின்விளக்கு ஒன்று தினமும் 5 மணி நேரம் எரிகிறது. 30 நாளில் எத்தனை யூனிட் மின்சாரம் செலவாகும்? பத்தாம் வகுப்பில் மின்னோட்டவியல் நடத்திய எவரும் இந்தக் கணக்கை ஏதாவது ஓர் உருவத்தில் கரும்பலகையில் போட்டிருப்பார்கள். நூற்றை ஐந்தால் பெருக்கி, அதை முப்பதால் பெருக்கினால் 15,000 வாட் மணி. ஆயிரத்தால் வகுத்தால் 15 கிலோவாட் மணி. ஒரு கிலோவாட் மணிதான் ஒரு யூனிட். ஆக, 15 யூனிட். அடியில் இரண்டு கோடு இழுத்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடலாம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு விடைத்தாள் திருத்தும் முகாமில் இதே வகைக் கணக்கைத் திருத்திக்கொண்டிருந்தேன். காலையில் 15 தாள், பிற்பகலில் 15 தாள். இது பிற்பகல் கட்டு. சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்த நேரம். மின்விசிறிக் காற்றில் தாள் படபடக்காமல் இருக்க ஸ்கேலைக் குறுக்கே வைத்துக்கொண்டு திருத்த வேண்டும். பத்தாவதோ பதினோராவதோ தாள். கணக்கு சரியான வழியில்தான் போயிருந்தது. கடைசியில் ஆயிரத்தால் வகுக்க மறந்து, 15,000 யூனிட் என்று முடிந்திருந்தது. சிவப்பு மையில் சுழித்துவிட்டு நகரப் போனேன். கீழே பொடி எழுத்தில் ஏதோ இருந்தது.

‘இந்த விடை தவறு. எங்கள் வீட்டு அட்டையில் இரண்டு மாதத்துக்கே 90 யூனிட்தான் வரும். எங்கே தவறு என்று தெரியவில்லை.’

விடைக்குறிப்பை நாங்கள் கீ என்போம். அன்றைய கீயின்படி சூத்திரத்துக்கு ஒன்று, எண்களைப் பிரதியிட்டதற்கு ஒன்று, சுருக்கியதற்கு ஒன்று, அலகோடு கூடிய விடைக்கு ஒன்று. முதல் இரண்டும் இருந்தன. பின் இரண்டும் இல்லை. ஆனாலும் பேனா அந்த வரிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. எழுந்து போய் எங்கள் மேசைக்கான முதன்மைத் தேர்வாளரிடம் காட்டினேன்.

“சார், இப்படி எழுதியிருக்கு. ஏதாவது போடலாமா?”

கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். சிரித்தார். “நல்ல பிள்ளையாத்தான் தெரியுது. ஆனா எதுக்குன்னு போடுவீங்க?”

“விடை தப்புன்னு அதுக்கே தெரிஞ்சிருக்கே சார்.”

“சரிதான். அடுத்த டேபிள்ல இதே மாதிரி ஒண்ணு வந்தா அவங்க போடுவாங்களா? நீங்க போட்டு அவங்க போடலைன்னா அது எந்த ஊரு நியாயம்?”

அவர் சொன்னதில் குற்றமே இல்லை. தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் பல லட்சம் பிள்ளைகள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுகிறார்கள். எந்தப் பிள்ளையின் தாள் எந்த மாவட்டத்தில் யார் கைக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது. கோபக்கார வாத்தியாரிடம் போனாலும் இளகின மனசுக்காரரிடம் போனாலும் ஒரே மதிப்பெண் வர வேண்டும் என்பதற்காகத்தான் கீ. என் இரக்கத்துக்கு அங்கே வேலை இல்லை. நான்குக்கு இரண்டு என்று ஓரத்தில் எழுதித் தாளைத் திருப்பினேன்.

அதோடு மறந்திருப்பேன். அதே கட்டில் நாலைந்து தாள் தள்ளி இன்னொரு பிள்ளை அச்சாக அதே பிழையைச் செய்திருந்தது. 15,000 யூனிட். சுற்றிலும் ஸ்கேல் வைத்துப் பென்சிலால் கட்டம் கட்டி, உள்ளே அழுத்தி எழுதியிருந்தது. கொஞ்சமும் சந்தேகமில்லாத எழுத்து. சூத்திரம் ஒன்று, பிரதியிட்டது ஒன்று. நான்குக்கு இரண்டு.

இரண்டு தாளும் மேசையில் ஒரே கட்டில் கிடந்தன. ஒரு பிள்ளைக்குத் தன் வீட்டு மின்சாரம் எவ்வளவு என்று தெரிந்திருக்கிறது. இன்னொன்றுக்கு ஒற்றைக் குண்டு பல்பு மாதம் 15,000 யூனிட் தின்றாலும் வியப்பில்லை. ஒரு சின்ன ஆலைக்கு வர வேண்டிய கணக்கு அது. நான் இரண்டையும் ஒன்றென்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

அந்த அட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் மின்மீட்டர் இருக்கிற வீட்டில் ஆணியில் மாட்டியோ பெட்டிக்குள் செருகியோ ஒரு வெள்ளை அட்டை இருக்கும். ரீடிங் எடுக்க வருகிறவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து தேதியையும் எண்ணையும் எழுதிவிட்டுப் போவார். 2016-லிருந்து இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அன்றிலிருந்து சிறிய வீடுகளில் அந்த அட்டையே ஒரு பரீட்சைத் தாள் போல ஆகிவிட்டது. அந்தப் பரீட்சையில் நூற்றைத் தாண்டாமல் இருப்பதுதான் கெட்டிக்காரத்தனம். ரீடிங் எடுக்கிறவர் போனதும் அம்மா அட்டையைக் கையில் எடுத்து, “இந்தத் தடவை 90 தாண்டா” என்று சொல்வதைக் கேட்டு வளர்ந்த பிள்ளையாக இருக்க வேண்டும். (பத்தாம் வகுப்பு அறிவியலில் ரத்தம் குடிக்கும் அட்டையும் ஒரு பாடம். மின் கட்டணம் கட்டுகிறவருக்கு இரண்டு அட்டையும் ஒன்றாகத் தோன்றினால் அவரைக் குறை சொல்ல முடியாது.)

பாடப்புத்தகத்தில் அந்த அட்டை இல்லை. சூத்திரத்திலும் இல்லை. தேர்வறையில் உட்கார்ந்திருந்த பிள்ளை, மேசையில் எழுதி முடித்த எண்ணை எடுத்துக்கொண்டு மனதால் வீட்டுக்கு நடந்து போய், மீட்டருக்குப் பக்கத்தில் தொங்கும் அட்டையோடு வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறது. இருபத்தைந்து வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் நான். இயற்பியல் என்பது என்ன என்று யாராவது கேட்டிருந்தால் ஏதேதோ சொல்லியிருப்பேன். அந்த நடையைச் சொல்லியிருக்க மாட்டேன்.

இன்னொன்றும் உறுத்தியது. கேள்வித்தாளில் ஒரு வினா பிழையாக அச்சாகிவிட்டால், அதை எழுத முயன்றவர்களுக்கெல்லாம் மதிப்பெண் கொடுக்கச் சொல்வது உண்டு. வினா எண்ணை மட்டும் எழுதி வைத்திருந்தாலும் போட்டுவிடுவோம். கேட்டவர் தவறு செய்தால் எண்ணை எழுதினாலே மதிப்பெண். எழுதியவர் தவறு செய்து, அதைத் தானே கண்டுபிடித்து, ஒப்புக்கொண்டால் பூஜ்யம்.

*

திருத்துவதும் ஓர் அளவீடுதான். இது எனக்குத் தோன்ற வெட்கப்படும் அளவுக்குக் காலம் பிடித்தது. ஆண்டுக்கு ஆண்டு பிள்ளைகளிடம் திருகு அளவியைக் கொடுத்து, இதன் மீச்சிற்றளவு 0.01 மில்லிமீட்டர், இதற்குக் கீழே இது எதையும் பார்க்காது என்று சொல்கிறேன். முனைகள் இரண்டையும் சேர்த்ததும் முதலில் சுழிப் பிழை இருக்கிறதா பார், இல்லாவிட்டால் நீ எடுக்கிற ஒவ்வோர் அளவும் அதே அளவு பொய்யாக இருக்கும் என்கிறேன். என் சிவப்புப் பேனாவின் மீச்சிற்றளவு அரை மதிப்பெண். அதன் சுழிப் பிழை எவ்வளவு என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. கையெழுத்து முத்துமுத்தாக இருந்தால் படிக்கும் முன்பே என் ஊசி வலது பக்கம் நகர்ந்துவிடுகிறது. வினா எண்ணை மாற்றி எழுதி, ஓரக்கோடு போடாமல், பக்கத்துக்குப் பக்கம் அடித்துத் திருத்தியிருந்தால் இடது பக்கம்.

ஒருமுறை சோதித்தே பார்த்தேன். பள்ளியில் நடந்த திருப்புதல் தேர்வுத் தாள்களில் ஐந்தை எடுத்து, மதிப்பெண் போடும் முன் நகல் எடுத்து வைத்துக்கொண்டேன். ஒரு மாதம் கழித்து, பழைய மதிப்பெண்ணைப் பார்க்காமல், அந்த நகல்களைத் திருத்தினேன். ஐந்தில் ஒன்று மட்டுமே முன்பு போட்ட மதிப்பெண்ணோடு பொருந்தியது. ஒரு ஏழு மதிப்பெண் விடைக்கு முதலில் ஐந்து, பிறகு ஆறரை. அதே பிள்ளை, அதே எழுத்து, அதே வாத்தியார். நடுவில் மாறியது என் மத்தியானச் சாப்பாடாகக்கூட இருக்கலாம்.

இது எனக்கு மட்டும் வந்த வியாதி அல்ல. அமெரிக்காவில் டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் என்ற இருவர் ஓர் ஆங்கில விடைத்தாளின் பிரதிகளைப் பல ஆசிரியர்களிடம் கொடுத்துத் திருத்தச் சொன்னார்கள். மதிப்பெண்கள் எங்கெங்கோ சிதறின. மொழிப்பாடம் அப்படித்தான் என்று பலரும் சொல்ல, 1913-ல் ஒரு வடிவியல் தாளை நூற்றுக்கும் மேற்பட்ட கணித ஆசிரியர்களுக்கு அனுப்பினார்கள். ஒரே தாளுக்கு 30-க்கும் குறைவாகப் போட்டவர் இருந்தார், 90-க்கு மேல் போட்டவரும் இருந்தார். இத்தனைக்கும் கணக்குப் பாடம்.

கீ என்ற ஒன்று இருப்பதே இந்தச் சிதறலைக் கட்டத்தான். கட்டுகிறது, மறுக்கவில்லை. ஆனால் வகுப்பில் பிழையைப் பற்றி அரை மணி நேரம் பேசி, எந்த அளவோடும் கூட்டல்-கழித்தல் குறி சேர்த்து எழுதச் சொல்கிற நாங்கள், ஒரு பிள்ளைக்கு 67 என்று போடும்போது அந்தக் குறியைப் போடுவதில்லை. 67 என்றால் 67. அந்தப் பொடி எழுத்துப் பிள்ளை தன் விடையைச் சந்தேகித்தது. நான் என் இரண்டைச் சந்தேகிக்கவில்லை.

*

சொன்னால் நம்ப மாட்டீர்கள், நானும் ஒரு காலத்தில் அப்படி ஒரு வரி எழுத வேண்டிய இடத்தில் நின்றவன்தான். பதினோராம் வகுப்பு. ஆய்வகத்தில் தனி ஊசல். 100 சென்டிமீட்டர் நூல், அடியில் கொக்கி வைத்த பித்தளைக் குண்டு. 20 அலைவுக்கு எவ்வளவு நேரம் என்று நிறுத்துக் கடிகாரத்தில் பார்த்து, அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். எனக்கு 40.5 விநாடி வந்தது. மறுபடி எண்ணினேன், 40.5. மூன்றாம் தடவையும் அதேதான். கணக்குப் போட்டால் 9.63. வர வேண்டியது 9.8 என்று வகுப்புக்கே தெரியும். பக்கத்து மேசைப் பையன் எட்டிப் பார்த்து, “40.1னு போடுடா, 9.82 வரும்” என்றான். அவன் பின்னாலிருந்து முன்னால் கணக்குப் போட்டு வைத்திருந்தான். ஆய்வகத்தில் அதற்குச் சமையல் என்று பெயர். நானும் சமைத்தேன். 40.1, 40.2, 40.1. சராசரி அருமையாக வந்தது. பதிவேட்டில் சார் சரி போட்டுக் கையெழுத்திட்டார்.

வாத்தியாராகி எத்தனையோ வருடம் கழித்து, ஒரு மாணவி அதே சோதனையில் எனக்கு வந்ததைப் போலவே குறைவாக ஓர் எண்ணைக் கொண்டுவந்து காட்டினாள். அவள் எப்படி அளந்தாள் என்று கூட இருந்து பார்த்தேன். ஸ்கேலை நூல் கட்டிய இடத்திலிருந்து கொக்கி வரைதான் வைத்தாள். ஊசலின் நீளம் குண்டின் மையம் வரை. கொக்கியும் குண்டின் ஆரமும் சேர்ந்து இரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதைச் சேர்த்துப் போட்டதும் 9.8 வந்துவிட்டது. சுரீரென்றது. வீட்டுக்கு வந்து என் பழைய 40.5-ஐ வைத்துக் கணக்குப் போட்டேன். நீளம் 101.8 சென்டிமீட்டராக இருந்திருந்தால் அதுதான் வந்திருக்க வேண்டும்.

அந்த ஊசல் மூன்று தடவையும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. ‘நீ நூறு என்கிறாய், நான் நூற்றியொன்றே முக்கால்’ என்று சலிக்காமல் ஆடியிருக்கிறது. நான் அதன் வாயை அடைத்துவிட்டு, புத்தகத்தில் இருந்த எண்ணை அதன் பெயரில் எழுதிக்கொண்டேன். அந்தச் சோதனையில் கிடைத்த ஒரே உண்மையான தகவல் அந்தத் தவறான விடைதான். அதை அழித்ததற்குத்தான் எனக்கு மதிப்பெண்.

பெரிய ஆட்களும் இதிலிருந்து தப்பியதில்லை என்பதில் ஓர் அற்ப ஆறுதல் உண்டு. எண்ணெய்த் துளிகளை வைத்து எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்த மில்லிகனைப் பன்னிரண்டாம் வகுப்பில் படித்திருப்பீர்கள். 1913-ல் அவர் வெளியிட்ட மதிப்பு உண்மையை விட அரை சதவீதத்துக்குச் சற்று மேல் குறைவு. காற்றின் பாகுநிலைக்கு அவர் எடுத்துக்கொண்ட எண் சரியாக இல்லை, அவ்வளவுதான் காரணம். அதற்குப் பின் அளந்தவர்களின் எண்கள் ஒரே தாவில் சரியான மதிப்புக்குப் போகாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறின என்று 1974-ல் கால்டெக் பட்டமளிப்பு உரையில் இயற்பியலாளர் ஃபெயின்மன் சொன்னார். மில்லிகனின் எண்ணிலிருந்து அதிகம் விலகி வந்தால் எங்கே பிழை என்று தேடினார்களாம். அருகில் வந்தால் அவ்வளவு தேடவில்லையாம். ஆக, மில்லிகனின் எண்ணே கீ ஆகிவிட்டது.

சந்தேகப்பட்டார்கள், உண்மைதான். ஆனால் அவர்கள் தங்கள் விடையை ஒரு பெரிய பெயரோடு வைத்துப் பார்த்தார்கள். ஊசலுக்கு முன்னால் நான் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தோடு வைத்துப் பார்த்தேன். அந்தப் பிள்ளை ஆணியில் தொங்கும் அட்டையோடு வைத்துப் பார்த்தது. மூன்றும் சந்தேகம்தான். கடைசியில் சொன்னதில் மட்டும்தான் எதிர்ப்பக்கம் நின்றது ஒரு மீட்டர், ஓர் உண்மையான அளவீடு.

*

என் அண்ணன் மகள் சென்னையில் கேம்பிரிட்ஜ் பாடத்திட்டப் பள்ளி ஒன்றில் இயற்பியல் எடுக்கிறாள். விடுமுறைக்கு வந்தபோது அவர்களுடைய திருத்தக் குறிப்புகளைக் காட்டினாள். எம், ஏ, பி, சி என்று மதிப்பெண்ணிலேயே சாதி பிரித்திருக்கிறார்கள். எம் என்பது வழிக்கு. ஏ என்பது விடையின் துல்லியத்துக்கு, அதற்குரிய எம் இல்லாவிட்டால் சில ஏ கிடையாது. சி வகை இளகியது, இறுதி விடை சரியாக வந்துவிட்டால் நடுவில் அந்தப் படியை எழுதாவிட்டாலும் கொடுத்துவிடலாம். எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. முதல் பகுதியில் பிள்ளை தவறான விடை கண்டு, அடுத்த பகுதியில் அந்தத் தவறான எண்ணையே சரியான வழியில் பயன்படுத்தினால், பின்னதற்கு முழு மதிப்பெண். பிழையை ஒருமுறைதான் தண்டிக்க வேண்டும், வழியெல்லாம் விரட்டக் கூடாது என்பது கணக்கு. நம்மூரிலும் நல்ல வாத்தியார்கள் ஸ்டெப் மார்க் என்று இதைத்தான் செய்வார்கள். கேம்பிரிட்ஜ்காரர்கள் எழுதியே வைத்திருக்கிறார்கள்.

“சித்தப்பா, உங்க அட்டை கேஸுக்கு இதுல ஏதாவது தேறுமா?” என்று அவளும் சேர்ந்து தேடினாள். தேறவில்லை. அவர்கள் ஊர்க் குறிப்பின்படியும் அந்த வரிக்கு ஒன்றும் கிடையாது.

ஹார்வர்டில் எரிக் மஸூர் என்ற பேராசிரியருக்கு 1990-களின் தொடக்கத்தில் நடந்தது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவருடைய மாணவர்கள் கடினமான கணக்குகளையெல்லாம் அநாயாசமாகப் போடுவார்கள். ஒருநாள், சூத்திரமே தேவைப்படாத எளிய கேள்விகள் கொண்ட ஒரு தேர்வை வைத்தார். கனமான லாரியும் சின்னக் காரும் நேருக்கு நேர் மோதினால் எது எதன் மீது அதிக விசையைச் செலுத்தும் என்கிற மாதிரி. நியூட்டனின் மூன்றாம் விதியை மனப்பாடமாகச் சொல்கிறவர்களே லாரிதான் என்று எழுதக்கூடிய கேள்வி. அப்போது ஒரு மாணவர், நீங்கள் கற்றுக்கொடுத்தபடி எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா என்ற பொருளில் அவரிடம் கேட்டாராம். அந்தக் கேள்வி அவரை உலுக்கிவிட்டது. பாடம் நடத்தும் முறையையே மாற்றிக்கொண்டார்.

அந்த மாணவருக்குப் படித்த இயற்பியல் ஓர் அறையிலும் பார்த்த உலகம் இன்னோர் அறையிலும் இருந்தன. நடுவில் கதவு இல்லை. நம் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்கும் அப்படித்தான். கட்டம் கட்டி எழுதிய பிள்ளை முட்டாள் அல்ல. தேர்வறைக்குள் வந்தால் வீட்டை வாசலிலேயே விட்டுவிட வேண்டும் என்று பத்து வருடம் நாங்கள் சொல்லிக்கொடுத்ததை நன்றாகக் கற்றுக்கொண்ட பிள்ளை அது.

*

முகாமிலிருந்து திரும்பிய அந்த ஜூன் மாதம், எனக்கும் ஒரு திருத்தம் செய்து பார்க்கத் தோன்றியது. என் வகுப்புத் தேர்வுகளில் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு மதிப்பெண் கூடுதல் என்று அறிவித்தேன். விடையின் கீழே, அது நம்பும்படியாக இருக்கிறதா, ஏன், என்று ஒரு வரி எழுத வேண்டும். முதல் தேர்வில் பிள்ளைகள் விழித்தார்கள். ஒருவன் பேருந்தின் வேகம் விநாடிக்கு 400 மீட்டர் என்று கண்டுபிடித்து, கீழே ‘நம்பலாம், புதிய பேருந்து’ என்று எழுதியிருந்தான். ரசித்து முழு மதிப்பெண் போட்டேன். இரண்டாம் தேர்வில் நன்றாகவே எழுதினார்கள்.

மூன்றாம் தேர்வில் 38 தாளில் முப்பதுக்கு மேல் ஒரே வரி. ‘இவ்விடை நம்பத்தக்கதாக உள்ளது.’ அலகு எழுதுவதைப் போல, அடிக்கோடு போடுவதைப் போல, ஒவ்வொரு கணக்கின் காலடியிலும் அச்சடித்த மாதிரி. வகுப்பில் முதலாவதாக வருகிற பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“ஏண்டா, எல்லாத்துக்கும் ஒரே மாதிரி எழுதியிருக்கே?”

“டியூஷன்ல அப்படித்தான் எழுதச் சொன்னாங்க சார். எழுதினா ஒரு மார்க் கன்ஃபார்ம்னு.”

கோபம் வரவில்லை. என் முதன்மைத் தேர்வாளரின் சிரிப்புதான் நினைவுக்கு வந்தது. எதுக்குன்னு போடுவீங்க என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லாமல் போனதன் காரணம் அன்று பிடிபட்டது. அந்த வரியைக் கீயில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள் என்று இத்தனை நாள் குறைப்பட்டுக்கொண்டிருந்தேன். கீயில் சேர்த்த நிமிடமே அது அந்த வரியாக இருக்காது. மதிப்பெண் உண்டு என்று தெரிந்தால் வீடு வரை நடந்து போக வேண்டியதில்லை, வாசகத்தை எழுதினால் போதும்.

அந்தப் பிள்ளை அதை யாரும் கேட்காமல் எழுதியது. எழுதினால் ஒன்றும் வராது என்று தெரிந்தே எழுதியது. வராதது மட்டுமா, தன் விடை தவறு என்று திருத்துகிறவனுக்குத் தானே காட்டிக்கொடுத்தது. கவனிக்காமல் விட்டிருந்தால் கண் அசந்த ஏதாவது ஒரு மத்தியானத்தில் நான் முழு மதிப்பெண்கூடப் போட்டிருக்கலாம். மூன்று மணி நேரத் தேர்வில், எழுதாத கேள்விகள் காத்துக்கிடக்கும்போது, ஒரு நிமிடத்தை எடுத்து ஒரு பொய்யான எண்ணைத் தன் பெயரில் விட்டுவைக்க மனமில்லாமல் எழுதியிருக்கிறது. 75 மதிப்பெண் எழுத்துத் தேர்வில் மதிப்பெண்ணுக்காக எழுதப்படாத ஒரே வரி. கொடுக்க என் கையில் மதிப்பெண் இல்லாததால்தான் அதை நம்ப முடிகிறது.

கூடுதல் மதிப்பெண்ணை நிறுத்திவிட்டேன். இப்போதெல்லாம் கணக்கைப் போட்டு முடித்ததும் கரும்பலகையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் சும்மா நிற்கிறேன். யாராவது ஏதாவது சொல்வார்களா என்று. பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. மணி அடித்துவிடும்.

போன வருடம் மின்னோட்டவியலுக்கு வந்தபோது பழைய கணக்கை எழுதப் போய்க் கை நின்றது. 100 வாட் குண்டு பல்பை இந்தப் பிள்ளைகளில் யார் பார்த்திருக்கப் போகிறார்கள்? கேள்வி கேட்கிற நானே அட்டையைப் பார்க்காமல்தான் இத்தனை வருடம் கேட்டிருக்கிறேன். அழித்துவிட்டு, 9 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்று தினமும் 5 மணி நேரம் எரிகிறது என்று எழுதினேன். 30 நாளைக்கு 1,350 வாட் மணி, அதாவது 1.35 யூனிட். வழக்கம்போல நின்றேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

“சார், எங்க வீட்ல அஞ்சு மணி நேரம் இல்ல சார். விடிய விடிய எரியும்.”

“ஏன்?”

“தங்கச்சி இருட்டுன்னா பயப்படும் சார். எட்டு மணிக்குப் போட்டா காலைல ஆறு மணிக்குத்தான் அம்மா நிறுத்தும்.”

5-ஐ அழித்துவிட்டு 10 என்று எழுதினேன். வகுப்பு மறுபடி பெருக்க ஆரம்பித்தது.